ஹார்மோன் சிகிச்சையை மீறி வளரும் புராஸ்டேட் புற்றுநோய்: அடுத்த மருந்து எதன் அடிப்படையில் தேர்வாகிறது?

முற்றிய புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்டிருக்கும் ஒருவரின் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் செல்கள் உருவாக்கும், ரத்தத்தில் அளக்கப்படும் புரதம்) அளவு, ஓரிரு ஆண்டுகள் அடங்கிக் கிடந்த பிறகு, ஒவ்வொரு ரத்தப் பரிசோதனையிலும் மெல்ல ஏறத் தொடங்குகிறது. சிகிச்சைக் குறிப்பில் ‘காஸ்ட்ரேஷன் ரெசிஸ்டன்ட்’ (நேர்ப்பொருள்: விரைநீக்கத்துக்கும் அடங்காதது) என்ற சொற்றொடர் புதிதாக இடம்பெறுகிறது. ஹார்மோன் சிகிச்சைக்குக் கட்டுப்படாத நிலை என்று இதற்குப் பொருள் சொல்லப்படும்போது, இதுவரை போட்ட ஊசி வீணாகிவிட்டது என்றும், இனி ஹார்மோன் வழியில் செய்வதற்கு எதுவும் இல்லை என்றும் நோயாளியும் குடும்பத்தினரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். இரண்டும் தவறு. அந்தத் தவறுக்கு நோய்நிலையின் பெயரே பாதிக் காரணம். கட்டுப்படாமல் போவது ஊசி கொண்டுவந்த குறைந்த டெஸ்டோஸ்டிரோன் அளவுக்குத்தான். ஹார்மோனைச் சார்ந்திருக்கும் பழக்கத்தைப் பெரும்பாலான புற்றுசெல்கள் அப்போதும் விட்டுவிடுவதில்லை. இந்த ஒரு வேறுபாடு விளங்கிவிட்டால், மருத்துவர் எழுதித் தரும் அடுத்தடுத்த மருந்துகளின் காரணமும் விளங்கிவிடும்.

ஹார்மோன் சிகிச்சை உடலில் செய்வது என்ன

புராஸ்டேட் செல்கள் வளர்வதற்கும் பெருகுவதற்கும் ஆண்ட்ரோஜன்கள் எனப்படும் ஆண் ஹார்மோன்கள் தேவை. அவற்றுள் முதன்மையானது டெஸ்டோஸ்டிரோன். உடலில் உள்ள டெஸ்டோஸ்டிரோனில் ஏறத்தாழ 90 சதவீதத்துக்கு மேல் விரைகளில் உருவாகிறது. எஞ்சிய சிறு பங்கு, சிறுநீரகங்களின் மேல் அமைந்த அட்ரீனல் சுரப்பிகள் வெளியிடும் மூலப்பொருள்களிலிருந்து கிடைக்கிறது. நோயின் பிற்பகுதியில் இந்தச் சிறு பங்கே பெரிய சிக்கலாகிறது.

செல்லுக்குள் ஆண்ட்ரோஜன் ஏற்பி என்றொரு புரதம் இருக்கிறது. டெஸ்டோஸ்டிரோனோ, அதைவிட வலிமை மிக்க டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனோ வந்து அதில் பொருந்தியதும், அந்த ஏற்பி செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து வளர்ச்சிக்கான மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. பி.எஸ்.ஏ. என்ற புரதத்தை உருவாக்கும் மரபணுவும் இதே ஏற்பியின் ஆணைக்கு உட்பட்டதுதான்.

விரைகளை அகற்றினாலோ ஈஸ்ட்ரோஜன் கொடுத்தாலோ பரவிய புராஸ்டேட் புற்றுநோய் அடங்குகிறது என்பதை 1941-இல் சார்லஸ் ஹக்கின்ஸும் கிளாரன்ஸ் ஹாட்ஜஸும் காட்டினர். ஹக்கின்ஸுக்கு இதற்காக 1966-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இன்றும் அறுவைச் சிகிச்சை ஒரு வழியாகவே இருக்கிறது. ஆனால் பெரும்பாலோர் லூப்ரோலைடு, கோசெரெலின், டிரிப்டோரெலின், டெகரெலிக்ஸ் போன்ற ஊசிகளையே பெறுகிறார்கள். ரெலுகோலிக்ஸ் என்ற மாத்திரையும் உண்டு. இவை மூளையின் அடிப்பகுதியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து விரைகளுக்குச் செல்லும் கட்டளையை நிறுத்திவிடுகின்றன. விளைவு அறுவைச் சிகிச்சையின் விளைவேதான்: டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே இறங்கிவிடும்.

எந்தக் கட்டத்தில் ‘கட்டுப்படாத நிலை’ என்கிறார்கள்

ஒரே ஒரு பரிசோதனையில் பி.எஸ்.ஏ. சற்று உயர்ந்ததை வைத்து இந்த முடிவுக்கு வருவதில்லை. மருத்துவர்கள் பார்ப்பவை இவை:

1. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் 50 நானோகிராமுக்குக் கீழேதான் இருக்கிறது என்பது உறுதியாக வேண்டும். ஊசி தள்ளிப்போயிருந்தாலோ, சரியாகச் செலுத்தப்படாமல் இருந்தாலோ டெஸ்டோஸ்டிரோன் மீண்டும் உயர்ந்து, அதனாலேயே பி.எஸ்.ஏ. ஏறியிருக்கலாம். அது கட்டுப்படாத நிலை அல்ல. சிகிச்சை விட்டுப்போன நிலை.

2. சிகிச்சையில் தொட்ட மிகக் குறைந்த அளவிலிருந்து பி.எஸ்.ஏ. தொடர்ந்து ஏற வேண்டும். ஐரோப்பிய வழிகாட்டுதலில் பயன்பாட்டிலுள்ள வரையறை, குறைந்தது ஒரு வார இடைவெளியில் எடுத்த மூன்று பரிசோதனைகளில் அடுத்தடுத்த உயர்வு, அவற்றில் இரண்டு அந்தக் குறைந்த அளவைவிட 50 சதவீதம் அதிகம், மேலும் அளவு மில்லிலிட்டருக்கு 2 நானோகிராமுக்கு மேல் என்பதாகும்.

3. அல்லது ஸ்கேனில் நோய் கூடியிருப்பது தெரிய வேண்டும். எலும்பு ஸ்கேனில் இரண்டோ அதற்கு மேலோ புதிய இடங்கள் தென்படுவதும், நிணநீர்க்கணுவிலோ உறுப்பிலோ கட்டி வளர்ந்திருப்பதும் இதில் அடங்கும்.

முதல் நிபந்தனையை வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பி.எஸ்.ஏ. ஏறிய உடனே புதிய மருந்தைப் பற்றிப் பேசத் தொடங்கும் குடும்பங்கள், டெஸ்டோஸ்டிரோன் அளவு பார்க்கப்பட்டதா என்ற எளிய கேள்வியை முதலில் கேட்பது நல்லது.

புற்றுசெல் தப்பிக்கும் வழிகள்

டெஸ்டோஸ்டிரோன் இல்லாத உடலில் புற்றுசெல் எப்படி வளர்கிறது என்பதற்கான விடை பல பத்தாண்டு ஆராய்ச்சியில் சிறிது சிறிதாகத் தெளிந்தது. முக்கியமான வழிகள் நான்கு.

1. ஏற்பிகளைப் பெருக்கிக்கொள்ளுதல். ஆண்ட்ரோஜன் ஏற்பிக்கான மரபணு ஒன்றுக்குப் பல படிகளாகப் பெருகிவிடுகிறது. ஏற்பிகள் மிகுந்துவிட்டால், மிச்சமிருக்கும் துளி ஹார்மோனே வளர்ச்சிக்குப் போதுமானதாகிவிடுகிறது.

2. ஏற்பியின் வடிவத்தை மாற்றிக்கொள்ளுதல். சில மரபணு மாற்றங்களால் ஏற்பி, தன்னைத் தடுக்க வந்த மருந்தையே தூண்டுபொருளாக எடுத்துக்கொள்கிறது. புளூட்டமைடு, பைகலூட்டமைடு போன்ற பழைய மாத்திரைகளை நிறுத்தியதும் சிலருக்குப் பி.எஸ்.ஏ. குறைவது இதனால்தான். வேறு சில செல்களில் ஹார்மோன் பொருந்தும் பகுதியே இல்லாத குறுகிய ஏற்பி உருவாகிறது, ஏ.ஆர்.-வி7 என்பது அவற்றுள் அறியப்பட்ட ஒன்று. சாவித்துளையே இல்லாமல் எப்போதும் திறந்து கிடக்கும் பூட்டைப் போன்றது அது. ஹார்மோனும் அதற்குத் தேவையில்லை; ஹார்மோன் பொருந்தும் இடத்தை மறிக்கும் மருந்தும் அதைத் தொடுவதில்லை.

3. தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்ளுதல். அட்ரீனல் சுரப்பியிலிருந்து வரும் மூலப்பொருள்களைக் கொண்டும் கொழுப்பைக் கொண்டும் கட்டியே ஆண்ட்ரோஜனை உருவாக்கிக்கொள்கிறது. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் மிகக் குறைவாக இருக்கும்போதும் கட்டிக்குள் அது போதிய அளவில் இருக்கக்கூடும்.

4. ஏற்பியைக் கைவிடுதல். புற்றுசெல் வேறு ஏற்பிகளின் துணையுடன் வளரலாம். அரிதாகத் தன் இயல்பையே மாற்றிக்கொண்டு வேறு வகைப் புற்றாகலாம்.

நான்கில் முதல் மூன்றிலும் இயங்குவது அதே ஆண்ட்ரோஜன் ஏற்பிதான். இதற்கான சான்று ஒவ்வொரு நோயாளியின் ரத்த அறிக்கையிலும் இருக்கிறது. பி.எஸ்.ஏ. உருவாக அந்த ஏற்பி இயங்கியாக வேண்டும் என்னும்போது, டெஸ்டோஸ்டிரோன் அடிமட்டத்தில் கிடக்க பி.எஸ்.ஏ. ஏறுகிறது என்பதன் பொருள், ஏற்பி மீண்டும் விழித்துக்கொண்டது என்பதே. முன்பு இந்நிலையை ‘ஹார்மோன் சாராத புற்றுநோய்’ என்று குறிப்பிட்டு வந்தார்கள். அந்தப் பெயர் கைவிடப்பட்டது இந்தக் காரணத்தால்தான்.

இதிலிருந்து நடைமுறையில் வரும் முதல் முடிவு: பழைய ஊசியை நிறுத்தக் கூடாது. அதை நிறுத்தினால் விரைகளின் உற்பத்தி திரும்பி, ஏற்கெனவே பெருகிவிட்ட ஏற்பிகளுக்குத் தீனி கிடைத்துவிடும். புதிய மருந்துகள் அனைத்தும் அந்த ஊசிக்கு மேல் சேர்க்கப்படுபவையே.

ஸ்கேனில் பரவல் தெரியாதபோது

பி.எஸ்.ஏ. ஏறுகிறது, ஆனால் வழக்கமான சி.டி. ஸ்கேனிலும் எலும்பு ஸ்கேனிலும் பரவல் எதுவும் தெரியவில்லை. இந்தக் கட்டத்தில் எல்லாருக்கும் உடனே மருந்து தொடங்க வேண்டியதில்லை. பி.எஸ்.ஏ. எவ்வளவு காலத்தில் இரட்டிப்பாகிறது என்பதே அளவுகோல். 10 மாதங்களிலோ அதற்கும் குறைந்த காலத்திலோ இரட்டிப்பானால், பரவல் விரைவில் வெளிப்படும் வாய்ப்பு அதிகம். மெதுவாக ஏறுபவர்களை ஊசியைத் தொடர்ந்துகொண்டே கவனித்து வரலாம்.

வேகமாக ஏறுபவர்களுக்கு அபாலூட்டமைடு, என்சாலூட்டமைடு, டாரோலூட்டமைடு ஆகிய மூன்று மாத்திரைகளில் ஒன்று சேர்க்கப்படுகிறது. பரவல் தலைகாட்டும் வரையிலான காலம் அபாலூட்டமைடு ஆய்வில் 16.2 மாதங்களிலிருந்து 40.5 மாதங்களாகவும், என்சாலூட்டமைடு ஆய்வில் 14.7-இலிருந்து 36.6 ஆகவும், டாரோலூட்டமைடு ஆய்வில் 18.4-இலிருந்து 40.4 ஆகவும் நீண்டது. 2018, 2019 ஆண்டுகளில் இம்முடிவுகள் வெளியாயின. மூன்றுமே ஆயுளையும் நீட்டின என்பது பின்னர் உறுதியானது. பலனில் இவ்வளவு நெருங்கியிருக்கும் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் பக்கவிளைவை வைத்துத்தான். என்சாலூட்டமைடு கடும் சோர்வையும் கீழே விழும் ஆபத்தையும் கூட்டுகிறது. அரிதாக வலிப்பும் வரலாம். அபாலூட்டமைடு தோல் தடிப்பையும் தைராய்டு குறைவையும் உண்டாக்கலாம். டாரோலூட்டமைடு மூளைக்குள் குறைவாகவே செல்கிறது என்பதால் முதுமையில் தடுமாற்றம் உள்ளவர்களுக்கு அது பொருத்தமாக இருக்கக்கூடும்.

பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் வந்த பிறகு இந்தக் கட்டத்தின் எல்லையே மங்கிவிட்டது. புராஸ்டேட் புற்றுசெல்லின் மேற்பரப்பில் மிகுதியாகக் காணப்படும் பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதத்தைத் தேடிச் சென்று ஒட்டும் கதிரியக்கப் பொருளைச் செலுத்திப் படம்பிடிக்கும் முறை இது. பழைய ஸ்கேன்களில் பரவல் இல்லை என்று கருதப்பட்ட 200 பேரை இவ்வாறு சோதித்த ஓர் ஆய்வில், 196 பேருக்கு உடலில் எங்கேனும் நோய் புலப்பட்டது. நோய் திடீரெனப் பரவிவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. முன்பே இருந்தது இப்போது கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவே. மேலே சொன்ன மூன்று மருந்துகளின் ஆய்வுகளும் பழைய ஸ்கேன்களின் அடிப்படையில் நடந்தவை என்பதால், புதிய ஸ்கேனில் சிறு புள்ளிகள் தெரிவதாலேயே அம்மருந்துகளின் பலன் இல்லாமல் போய்விடாது.

பரவிய நிலையில் கையிலுள்ள மருந்துகள்

கீழே வரும் ஆய்வு எண்கள் எல்லாம் இடைநிலை அளவுகள். ஒரு மருந்தைப் பெற்றவர்களில் பாதிப்பேர் அந்தக் காலத்தைத் தாண்டி வாழ்ந்தார்கள், பாதிப்பேர் அதற்கு முன் இறந்தார்கள் என்று பொருள். நான்கு மாத வேறுபாடு என்று படிக்கும்போது, ஒவ்வொருவருக்கும் நான்கு மாதம் கிடைத்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சிலருக்குப் பலனே இருந்திருக்காது. சிலருக்கு ஆண்டுக்கணக்கில் கிடைத்திருக்கும். ஒருவர் எந்தப் பக்கம் இருப்பார் என்பதை எண் சொல்லாது.

*ஏற்பியைக் குறிவைக்கும் மாத்திரைகள்*

அபிராட்டரோன், ஆண்ட்ரோஜன் தயாரிப்புக்கு இன்றியமையாத சி.ஒய்.பி.17 என்ற நொதியை அடைக்கிறது. விரையிலும் அட்ரீனலிலும் கட்டிக்குள்ளும் தயாரிப்பு ஒருசேர நிற்கிறது. மேலே சொன்ன மூன்றாம் வழியை மறிக்கும் மருந்து இது. கீமோதெரபி முடித்தவர்களிடம் 2011-இல் வெளியான ஆய்வில், வாழ்நாள் 10.9 மாதங்களிலிருந்து 14.8 மாதங்களாக உயர்ந்தது. நொதியை அடைப்பதன் பக்கவிளைவாக ரத்த அழுத்தம் உயர்வதும், பொட்டாசியம் குறைவதும், கால் வீங்குவதும் நேரலாம் என்பதால் இதனுடன் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு சேர்த்துத் தரப்படுகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த ஸ்டீராய்டே தனிக் கவனம் வேண்டுவது.

இம்மாத்திரையை வெறும் வயிற்றில் எடுக்கச் சொல்வது வெறும் சடங்கு அல்ல. கொழுப்பு மிகுந்த உணவோடு எடுத்தால் ரத்தத்தில் கலக்கும் மருந்தின் அளவு ஏறத்தாழ 10 மடங்கு வரை கூடுகிறது. எனவே நேரத்தை நோயாளி தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ளக் கூடாது.

என்சாலூட்டமைடு ஹார்மோன் தயாரிப்பில் தலையிடுவதில்லை. ஏற்பியில் ஹார்மோன் பொருந்துவதையும், ஏற்பி உட்கருவுக்குள் செல்வதையும் தடுக்கிறது. 2012-இல் வெளியான ஆய்வில் வாழ்நாள் 13.6-இலிருந்து 18.4 மாதங்களாயிற்று. ஸ்டீராய்டு தேவையில்லை. ஆனால் வேறு பல மருந்துகளைக் கல்லீரல் விரைவாகச் சிதைக்கும்படி இது செய்வதால், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும் இதயநோய் மருந்து எடுப்பவர்களும் தங்கள் மருந்துப் பட்டியல் முழுவதையும் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

*கீமோதெரபி*

2004 வரை இந்நோயில் ஆயுளை நீட்டுவதாக நிறுவப்பட்ட கீமோதெரபி மருந்து எதுவும் இல்லை. அந்த ஆண்டு வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள் டோசிடாக்செல் மருந்துக்கு அந்த இடத்தைத் தந்தன. அவற்றுள் ஒன்றில் வாழ்நாள் 16.5-இலிருந்து 18.9 மாதங்களாக உயர்ந்ததோடு, வலியும் குறைந்தது. மூன்று வாரங்களுக்கு ஒரு முறை நரம்பு வழியே ஏற்றப்படுகிறது. வெள்ளணுக்கள் குறைந்து தொற்று வருவதும், விரல்கள் மரத்துப்போவதும், முடி உதிர்வதும், சோர்வும் இதன் விலைகள். சிகிச்சை நாள்களில் காய்ச்சல் வந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. வெள்ளணு குறைந்த உடலில் தொற்று மணிக்கணக்கில் உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

டோசிடாக்செலுக்குப் பிறகும் நோய் வளர்ந்தால் அதே குடும்பத்தைச் சேர்ந்த கபாசிடாக்செல் இருக்கிறது. 2010-இல் வெளியான ஆய்வு இதன் பலனை நிறுவியது. இதில் விரல் மரத்துப்போவது பொதுவாகக் குறைவு. வெள்ளணுக் குறைவும் வயிற்றுப்போக்கும் அதிகம் கவனிக்க வேண்டியவை.

*மரபணுக் குறைபாட்டைப் பயன்படுத்தும் மருந்துகள்*

செல்லின் டி.என்.ஏ. அன்றாடம் சேதமடைகிறது, அதைச் சீர்செய்யச் செல்லிடம் பல வழிகள் உண்டு. பி.ஆர்.சி.ஏ.2 போன்ற மரபணு பழுதாகிவிட்ட புற்றுசெல்லில் அவற்றுள் முக்கியமான ஒரு வழி அடைபட்டிருக்கும். பார்ப் என்ற நொதியைத் தடுக்கும் மருந்து மற்றொரு வழியையும் அடைத்துவிடுகிறது. இரண்டும் அடைபட்ட புற்றுசெல் சேதத்தைத் தாங்காமல் மடிகிறது. முதல் வழி நன்றாக இருக்கும் இயல்பான செல்கள் பிழைத்துக்கொள்கின்றன.

பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2, ஏ.டி.எம். மரபணுக்களில் ஒன்று பழுதான நோயாளிகளிடம் ஓலாபாரிப் வாழ்நாளை 14.7-இலிருந்து 19.1 மாதங்களாக உயர்த்தியது என்பது 2020-இல் உறுதியாயிற்று. பலன் மிகத் தெளிவாக இருந்தது பி.ஆர்.சி.ஏ. பழுது உள்ளவர்களிடம்தான். 2023-இல் ஓலாபாரிப் அல்லது நிராபாரிப் மருந்தை அபிராட்டரோனுடனும், டாலசோபாரிப் மருந்தை என்சாலூட்டமைடுடனும் சேர்த்துத் தரும் முறைகளுக்கு அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு ஒப்புதல் அளித்தது. ரத்தசோகை இம்மருந்துகளின் முதன்மையான பக்கவிளைவு. சிலருக்கு ரத்தம் ஏற்ற வேண்டிவரும்.

இந்த மருந்துகளைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே நடந்தாக வேண்டியது மரபணுப் பரிசோதனை. இந்நிலை நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கோ ஐந்தில் ஒருவருக்கோ கட்டியில் டி.என்.ஏ. சீரமைப்பு மரபணுக்களில் ஏதேனும் பழுது காணப்படுகிறது. கட்டித் துணுக்கிலோ, அது பழையதாகிவிட்டால் ரத்தத்தில் மிதக்கும் கட்டியின் டி.என்.ஏ.-விலோ இதைப் பார்க்கலாம். பழுது கட்டியில் மட்டும் இருக்கிறதா, பிறவியிலேயே வந்ததா என்பது வேறு கேள்வி. பரவிய புராஸ்டேட் புற்றுநோயாளிகளில் 11.8 சதவீதத்தினர் அத்தகைய பழுதைப் பிறவியிலேயே கொண்டிருப்பதாக 2016-இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. பிறவிப் பழுது என்றால் அது மகனுக்கும் மகளுக்கும், உடன்பிறந்தவர்களுக்கும் இருக்கும் வாய்ப்பு ஒவ்வொருவருக்கும் 50 சதவீதம். பி.ஆர்.சி.ஏ. பழுது பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய், கருப்பைக்குழல் சார்ந்த சூலகப் புற்றுநோய் ஆகியவற்றின் ஆபத்தைப் பல மடங்கு கூட்டுகிறது. ஒரு முதியவரின் சிகிச்சைக்காகச் செய்யும் பரிசோதனை அவர் மகளின் உயிரைக் காக்கக்கூடும். மருந்து கிடைக்கிறதோ இல்லையோ, இந்த ஒரு காரணத்துக்காகவே இப்பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது என்பது இக்கட்டுரையின் உறுதியான கருத்து.

*கதிரியக்க மருந்துகள்*

ரேடியம்-223 கால்சியத்தைப் போல நடந்துகொள்ளும் தனிமம். உடல் அதை எலும்பில், குறிப்பாகப் புற்று பரவி எலும்பு புதிதாக உருவாகும் இடங்களில் சேர்த்துவிடுகிறது. அங்கே அது வெளியிடும் ஆல்ஃபா துகள்கள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த தூரமே பாய்வதால், பாதிப்பு அந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. நான்கு வாரங்களுக்கு ஒன்றாக ஆறு ஊசிகள். நோய் எலும்பில் மட்டும் இருந்து வலி தருபவர்களுக்கே இது பொருந்தும். கல்லீரலிலோ நுரையீரலிலோ பரவியவர்களுக்கு அல்ல. அபிராட்டரோனுடன் சேர்த்துக் கொடுத்த ஓர் ஆய்வில் எலும்பு முறிவுகள் கூடியதால், 2018-இல் ஐரோப்பிய மருந்து முகமை அந்தச் சேர்க்கையைத் தடுத்தது. எலும்பைக் காக்கும் மருந்து இல்லாமல் இதைத் தொடங்கக் கூடாது என்ற பாடம் அங்கிருந்து வந்தது.

லுட்டீசியம்-177 பி.எஸ்.எம்.ஏ. சிகிச்சையின் தத்துவம், மேலே கண்ட பெட் ஸ்கேனின் தத்துவமேதான். ஸ்கேனில் ஒளிகாட்டும் பொருளை ஏந்திச் செல்லும் மூலக்கூறு இங்கே செல்லை அழிக்கும் கதிரியக்கத்தை ஏந்திச் செல்கிறது. எலும்பு, நிணநீர்க்கணு, உறுப்பு என்று புற்று எங்கிருந்தாலும் அது போய்ச் சேரும். ஏற்பி மாத்திரையும் கீமோதெரபியும் எடுத்து முடித்தவர்களிடம் 2021-இல் வெளியான ஆய்வில் வாழ்நாள் 11.3-இலிருந்து 15.3 மாதங்களாக உயர்ந்தது. அமெரிக்காவில் 2022-இல் ஒப்புதல் பெற்ற இச்சிகிச்சையை, கீமோதெரபிக்கு முன்பே கொடுப்பதற்கும் 2025-இல் அங்கு அனுமதி கிடைத்தது. ஆறு வாரங்களுக்கு ஒன்றாக ஆறு சுற்றுகள் வரை தரப்படுகிறது. உமிழ்நீர்ச் சுரப்பிகளும் இம்மருந்தை ஈர்ப்பதால் வாய் வறட்சி பலருக்கு வருகிறது. ரத்த அணுக்கள் குறையலாம். சிகிச்சைக்குப் பின் சில நாள்கள் குழந்தைகளிடமிருந்தும் கருவுற்ற பெண்களிடமிருந்தும் தள்ளியிருக்க வேண்டும்.

செய்திகளில் இச்சிகிச்சை அதிகம் அடிபடுவதால் எல்லாரும் இதைக் கேட்கிறார்கள். ஆனால் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேனில் ஒளிராத கட்டிக்கு இந்த மருந்து போய்ச் சேராது. பாதிக் கட்டிகள் ஒளிர்ந்து, சி.டி. ஸ்கேனில் தெரியும் மறுபாதி ஒளிராமல் இருந்தால், ஒளிரும் பாதி மட்டும் சுருங்க மற்றது வளர்ந்துகொண்டிருக்கும்.

*நோய் எதிர்ப்புச் சிகிச்சை*

பிற புற்றுநோய்களில் புகழ்பெற்ற இவ்வகை மருந்துகள் புராஸ்டேட்டில் பொதுவாகப் பலன் தருவதில்லை. டி.என்.ஏ. எழுத்துப் பிழைகளைத் திருத்தும் அமைப்பு பழுதான சிறுபான்மையினர் விதிவிலக்கு. அவர்களில் சிலருக்குப் பெம்புரோலிசுமாப் நீண்ட காலம் வேலை செய்கிறது. மேலே சொன்ன மரபணுப் பரிசோதனையிலேயே இதுவும் தெரிந்துவிடும்.

எதற்குப் பின் எது

பட்டியலைவிட வரிசைதான் கடினமானது. சில ஆண்டுகளுக்கு முன்பு வரை, கட்டுப்படாத நிலை வந்த பிறகே அபிராட்டரோனும் டோசிடாக்செலும் தொடங்கப்பட்டன. 2015-இலிருந்து வந்த ஆய்வுகள், ஹார்மோன் ஊசி தொடங்கும்போதே இவற்றைச் சேர்த்தால் ஆயுள் மேலும் நீள்கிறது என்று காட்டின. அதனால் இன்று பலர் கட்டுப்படாத நிலையை அடையும்போதே ஒன்றோ இரண்டோ மருந்துகளைப் பயன்படுத்தி முடித்திருக்கிறார்கள். பழைய ஆய்வுகளின் எண்களை அவர்களுக்கு அப்படியே பொருத்த முடியாது. ‘பரவிய நோய்க்குச் சிறந்த மருந்து எது’ என்ற கேள்வியைவிட ‘இதுவரை எடுத்தவை எவை’ என்ற கேள்வி இங்கே அதிகம் பயன்படும்.

1. இதுவரை ஊசி மட்டுமே பெற்றவர்: பெரும்பாலும் அபிராட்டரோனோ என்சாலூட்டமைடோ முதலில் வரும். பி.ஆர்.சி.ஏ. பழுது இருந்தால் பார்ப் தடுப்பு மருந்தும் உடன் சேரலாம். உறுப்புகளில் விரைந்து பரவிக் கடும் தொல்லை தந்தால் டோசிடாக்செல் முந்தலாம்.

2. ஏற்பி மாத்திரை எடுத்தும் நோய் வளர்ந்தவர்: மற்றொரு ஏற்பி மாத்திரைக்கு மாறுவது எளிது, பலன் குறைவு. இரண்டும் ஒரே ஏற்பியின் இயக்கத்தைக் குறிவைப்பதால், ஒன்றிலிருந்து தப்பிய செல் மற்றொன்றிலிருந்தும் தப்பத் தெரிந்துகொண்டிருக்கும். கனடாவில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், அபிராட்டரோனுக்குப் பின் என்சாலூட்டமைடு எடுத்தவர்களில் 36 சதவீதத்தினருக்குப் பி.எஸ்.ஏ. 30 சதவீதமேனும் குறைந்தது. எதிர் வரிசையில் அது 4 சதவீதம் மட்டுமே. எனவே இக்கட்டத்தில் டோசிடாக்செல், மரபணுப் பழுதுக்கேற்ற பார்ப் தடுப்பு மருந்து, லுட்டீசியம் ஆகியவற்றில் ஒன்றை நோக்கிச் செல்வதே பொருத்தம்.

3. ஏற்பி மாத்திரையும் டோசிடாக்செலும் எடுத்து முடித்தவர்: இங்கே விடை தெளிவாக இருக்கிறது. 2019-இல் வெளியான ஆய்வில், கபாசிடாக்செல் பெற்றவர்கள் 13.6 மாதங்களும், மற்றொரு ஏற்பி மாத்திரைக்கு மாறியவர்கள் 11 மாதங்களும் வாழ்ந்தனர். லுட்டீசியமும் இந்த இடத்துக்கு உரியது.

ஊசியேற்றத்துக்கு அஞ்சி மாத்திரையிலிருந்து மாத்திரைக்கே மாறுவதை விரும்புவது இயல்பானதுதான். ஆனால் அவ்வாறு கழியும் மாதங்களில் உடல் தளர்ந்து, பின்னர் கீமோதெரபியைத் தாங்கும் வலுவே இல்லாமல் போய்விடுகிறது. தள்ளிப்போட்ட சிகிச்சை பல நேரங்களில் கைவிட்ட சிகிச்சையாகிவிடுகிறது.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு: பலன் தரும் மருந்தை அவசரப்பட்டு நிறுத்திவிடுவது. புதிய சிகிச்சை தொடங்கிய முதல் வாரங்களில் பி.எஸ்.ஏ. சற்று ஏறிப் பின் இறங்கலாம். எலும்பு ஸ்கேனிலும், ஆறும் இடங்களில் புதிய எலும்பு உருவாவதால், நோய் கூடியது போன்ற தோற்றம் வரலாம். எனவே முதல் 12 வாரங்களில் பி.எஸ்.ஏ. எண்ணை மட்டும் வைத்து மருந்தை மாற்றுவதில்லை. வலி, ஸ்கேன், பி.எஸ்.ஏ. மூன்றையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

பி.எஸ்.ஏ. முற்றிலும் ஏமாற்றும் இடம் ஒன்றும் இருக்கிறது. தப்பிக்கும் வழிகளில் நான்காவதாகச் சொன்ன இயல்பு மாற்றம் நேர்ந்தால், செல்கள் ஆண்ட்ரோஜன் ஏற்பியைக் கைவிட்டு, நரம்பு நாளமில்லாச் சுரப்பி செல்களின் தன்மையைப் பெறுகின்றன. அவை பி.எஸ்.ஏ.-வைச் சுரப்பதில்லை. கல்லீரலில் கட்டிகள் பெருகிக்கொண்டிருக்க, பி.எஸ்.ஏ. குறைவாகவே நிற்கும். எண் குறைவாக இருந்தும் உடல்நிலை சரிந்தால் புதிதாகத் துணுக்கெடுத்துப் பரிசோதிப்பது அவசியம். இந்த மாற்றத்துக்குச் சிஸ்பிளாட்டின் அல்லது கார்போபிளாட்டின் சார்ந்த வேறு கீமோதெரபியே தரப்படுகிறது.

எலும்பும் வலியும்

இந்நோய் மிகுதியாகப் பரவும் இடம் எலும்பு. ஹார்மோன் சிகிச்சையும் தன் பங்குக்கு எலும்பை மெலிய வைக்கிறது. முறிவுகளைக் குறைக்கச் சோலெட்ரானிக் அமிலமோ டெனோசுமாபோ கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றுடன் தரப்படுகிறது. தாடையெலும்பு சிதைவு இவற்றின் அரிய பக்கவிளைவு. பல் பிடுங்கிய பிறகு அது வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், மருந்து தொடங்குமுன் பல் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

ஒரே இடத்தில் நிலைத்து வாட்டும் எலும்பு வலிக்கு அந்த இடத்தில் கதிர்வீச்சு கொடுக்கலாம். பலருக்கு 8 கிரே அளவில் ஒரே ஒரு தவணை போதும். வலித் தணிப்புச் சிகிச்சை என்றதும் கடைசி நாள்களுக்கானது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். மற்றச் சிகிச்சைகளோடு சேர்த்து முன்கூட்டியே தொடங்க வேண்டியது அது. வலி அடங்கித் தூங்கி எழுபவரே அடுத்த சுற்று மருந்தைத் தாங்குகிறார்.

காத்திருக்கவே கூடாத நிலை ஒன்று இருக்கிறது. முதுகெலும்பில் பரவிய கட்டி தண்டுவடத்தை நெருக்கினால், புதிதாகக் கடுமையான முதுகுவலி, படுத்தால் கூடும் வலி, கால்களில் தளர்ச்சி அல்லது மரப்பு, சிறுநீரும் மலமும் அடைபடுவது அல்லது கட்டுப்பாடில்லாமல் போவது ஆகியவை தோன்றும். அடுத்த பரிசோதனைத் தேதி வரை பொறுக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து, டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைத் தொடங்கி, அறுவைச் சிகிச்சையோ கதிர்வீச்சோ தாமதமின்றிக் கொடுக்கப்படும். இன்னும் நடக்க முடிகிற நிலையில் வந்து சேர்பவர்களில் பெரும்பாலோர் தொடர்ந்து நடக்கிறார்கள்; கால்கள் முழுவதும் செயலிழந்த பின் வருபவர்களில் மிகச் சிலருக்கே நடை திரும்புகிறது.